கட்டம் கட்டமாகத் தெரிவது தமிழின் குற்றமல்ல

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பி வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் வரியைப் பார்த்துவிட்டு "அருமை சார்" என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று வகுப்பறையிலேயே எனக்குத் தெரியும், இங்கேயும் தெரியும்.

"தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது சார், இங்கிலீஷ்லயே போட்டுடலாம்." இந்த ஒரு வாக்கியத்தை நான் பிரவுசிங் சென்டரில் கேட்டிருக்கிறேன், அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் இடத்திலும் கேட்டிருக்கிறேன். போன வாரம் நம் சொந்தத்திலேயே, பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பியின் வாயிலிருந்தும் கேட்டேன். இது பொய். தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் பொய். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மொழியில் இல்லை. வேலையைச் சரியாகச் செய்யாத மனிதர்களிடம் இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்பவர்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனாள். நம் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதி, உதவித்தொகை, கல்லூரி இடம் எல்லாம் அதில்தான் நிற்கிறது. குடும்பத்தின் பழைய விவரம் ஒரு கோப்பில் தமிழில் அடித்து வைக்கப்பட்டிருந்தது. அது பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டியது. "ஃபைல் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தவர் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்து, மென்பொருள் மாற்றிக் கொடுத்த தமிழை அப்படியே வைத்துவிட்டார்.

பழனியம்மாள் பலனியம்மாள் ஆனாள். ஆலத்தூர் நாடு ஆலத்தூர் நடு ஆனது. அப்பா சான்றிதழில் ஒரு பெயர், மகள் சான்றிதழில் இன்னொரு பெயர். உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தப் பெண் மூன்று முறை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினாள். மூன்று நாள் கூலி போச்சு, பஸ் செலவு போச்சு. அந்தக் கோப்பு கெட்டே போகவில்லை. ஐந்து நிமிடத்தில் படிக்கும்படி மாற்றியிருக்கலாம். ஒரு ழகரத்தைத் தொலைத்ததற்கு ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. மிளகு பறிக்கப் போக வேண்டியவள்தான் கொடுத்தாள். இது பெரிய விஷயமா இல்லையா என்று இப்போது சொல்லுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். கரும்பலகை இல்லை, கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் தமிழ் என்பது மூன்று வேறு வேறு சமாச்சாரம். முதலாவது விசைப்பலகை: எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்து. இரண்டாவது குறியீடு: அந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் எந்த எண்ணாக நினைவில் வைக்கிறது. மூன்றாவது எழுத்துரு: அந்த எண்ணைத் திரையில் என்ன வடிவமாக வரைகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் எல்லா வம்புக்கும் வேர்.

பழைய எழுத்துருக்கள் என்ன செய்தன? ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் வேஷம் போட்டன. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "தமிழ்" என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. "அம்மா" என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருக்கும் வரை தமிழ் போலத் தெரியும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். தெருக்கூத்தில் விடிந்த பிறகு அரிதாரம் கழுவின மாதிரி.

இதுவும் ஒருவர் இருவர் செய்ததல்ல. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. சோளக்காடு சந்தையில் ஒவ்வொரு வியாபாரியும் தன் வீட்டுப் படியைக் கொண்டுவந்து அளந்தால் எப்படி இருக்கும்? இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதானே 1956இல் சட்டம் போட்டு நாடு முழுக்கக் கிலோவும் லிட்டரும் கொண்டுவந்தார்கள்? தமிழ் எழுத்துக்கும் அந்தப் பொதுப் படி வந்துவிட்டது. அதன் பெயர் யூனிகோடு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் "த" என்றால் உலகம் முழுக்க ஒரே எண். சென்னையிலும் அதே, யாழ்ப்பாணத்திலும் அதே, சிங்கப்பூரிலும் அதே, ஆலத்தூர் நாட்டிலும் அதே.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதில்தான் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீடுகளும் தரமாக அறிவிக்கப்பட்டன. பிறகு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடுதான் தரம், அது ஒத்துவராத இடத்தில் டேஸ்16 என்று அரசாணை வந்தது. அன்று பிறந்த குழந்தை இன்று பத்தாம் வகுப்பே முடித்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் ஒரு சுற்றறிக்கை பழைய எழுத்துருவில் வருகிறது, திறந்தால் கன்னாபின்னா என்று இருக்கிறது என்றால், அது தொழில்நுட்பக் கோளாறு அல்ல. ஆணையை மதிக்காத சோம்பேறித்தனம்.

"டைப்ரைட்டிங் படித்தவர்கள் சார், கை பழகிப்போச்சு, பாமினியை விட முடியாது" என்று ஒரு சாக்கு சொல்வார்கள். எனக்குத் தட்டச்சு படித்தவர்கள் மேல் மரியாதை உண்டு. ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய், லோயர், ஹையர் பாஸ் செய்து வாழ்க்கையில் முன்னேறிய மாணவர்கள் எனக்கே இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சாக்கு செல்லாது. நான் மேலே சொன்னதைப் பாருங்கள்: விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அதே தட்டச்சு முறையில், அதே விரல் பழக்கத்தில் அடிக்கலாம், உள்ளே போய் உட்காருவது யூனிகோடாக இருக்கும். விரலை மாற்ற வேண்டியதில்லை. மனசை மாற்றினால் போதும்.

அடுத்து, நோய்க்குறி. வயிற்று வலி என்றால் எங்கே வலி என்று கேட்காமல் மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் போவீர்களா? "தமிழ் தெரியல" என்பதும் அப்படித்தான். ஐந்து விதமாகத் தெரியாமல் போகலாம், ஐந்துக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, வெற்றுக் கட்டங்கள். எழுத்தின் எண் சரியாக இருக்கிறது, வரைவதற்கு எழுத்துரு இல்லை. இதுதான் மிகச் சுலபம். யூனிகோடு எழுத்துரு ஒன்றை ஏற்றினால் முடிந்தது. இந்தக் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் டோஃபு என்று செல்லப் பெயர். இனி டோஃபுவே கூடாது என்றுதான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது. விண்டோஸ் 10, 11இல் நிர்மலா என்ற எழுத்துரு கூடவே வருகிறது. பழைய ஆவணம் லதா எழுத்துருவைக் கேட்டால், அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்று இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. இது வேஷம் போட்ட பழைய குறியீடு. கோப்பு கெடவில்லை. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றியில் கொடுத்தால் அப்படியே யூனிகோடாக வரும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி பல உண்டு.

மூன்று, தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அதுவே திரும்பத் திரும்ப. இது நல்ல யூனிகோடுதான், மென்பொருள் அதைத் தவறான குறியீடாக நினைத்துப் படிக்கிறது. பள்ளிகளில் மாணவர் பட்டியலை எக்ஸலில் திறக்கும்போது இதுதான் நடக்கிறது. அந்தச் சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறக்காதீர்கள். எக்ஸலுக்குள் போய் டேட்டா பகுதி வழியாக இறக்குமதி செய்து, 65001 யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் பளிச்சென்று வரும்.

நான்கு, கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது, அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்குவது. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வந்தாலும், கம்ப்யூட்டர் ககரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் வைத்திருக்கிறது. வரையும்போது இடம் மாற்றுவது மென்பொருளின் வேலை. பழைய டி.டி.பி. மென்பொருள்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கான வசதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று மென்பொருளைப் புதுப்பித்தால் போதும்.

ஐந்து, வெறும் கேள்விக்குறிகள். இதுதான் மரணம். தமிழை வைக்கத் தெரியாத வடிவத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள். எழுத்து அழிந்து, அந்த இடத்தில் கேள்விக்குறி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. எக்ஸலில் தமிழ்ப் பட்டியலைச் சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமிக்கிறவர்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், யூ.டி.எஃப்-8 என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தி நாற்பது பிள்ளைகளின் பெயரை அழித்துவிடுகிறீர்கள்.

இந்த ஐந்தில் முதல் நான்கும் தீர்க்கக்கூடியவை. ஆனால் நான்கையும் பார்த்து "கெட்டுப் போச்சு, இங்கிலீஷ்ல போடு" என்ற ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் போட்டால் என்ன ஆகும்? ல, ள, ழ மூன்றும் கலந்துவிடும். ன, ண, ந மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் போய்விடும். அதைத் திரும்பத் தமிழாக்கும்போது மென்பொருள் குருட்டாம்போக்கில் ஒன்றைப் போடும். நான் முப்பது வருடம் ழகரத்துக்கு நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுத்ததை ஒரு பொத்தான் மூன்று நொடியில் அழித்துவிடுகிறது.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "யூனிகோடே தமிழுக்குத் துரோகம். 247 எழுத்துக்குத் தனித்தனி இடம் தரவில்லை, 128 கட்டம்தான் கொடுத்தார்கள். கொரிய மொழிக்கு மட்டும் 11,172 அசைக்கும் தனி இடம் கொடுத்தார்களே" என்பார்கள். இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வட இந்திய மொழிகளுக்குப் போட்ட இஸ்கி அச்சில் தமிழையும் வார்த்தார்கள். உயிரும் மெய்யும் முதலெழுத்து என்பது நம் இலக்கணம். அங்கேயோ அகரம் ஏறிய "க" அடிப்படை, "க்" எழுத அதன்மேல் புள்ளி வைக்க வேண்டும். இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் இது உறுத்தும். இதைச் சரிசெய்ய உருவானதுதான் டேஸ்16. ஆனால் அது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கைப்பேசிக்கு அது தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. அச்சகத்துக்கு வேண்டுமானால் உதவும். இலக்கணப்படி அழகான வீடு, ஆனால் போய்ச் சேரப் பாதை இல்லை. பாதை உள்ள வீட்டில் குடியிருந்துகொண்டு குறையைப் பேசுவதுதான் புத்திசாலித்தனம். யூனிகோடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு பாமினியில் அடிப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாமினியில் எந்த இலக்கணம் ஐயா இருக்கிறது?

2013இல் எழுத்தாளர் ஜெயமோகன் ஒரு நாளிதழில், தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதினால் என்ன என்று கேட்டார். பெரிய சண்டை நடந்தது. அவரைத் திட்டியவர்களில் எத்தனை பேர் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எப்டி இருக்கீங்க மாமா" என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். விரல் போதவில்லை. அவராவது வெளிப்படையாகச் சொன்னார். நாம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

"எதுக்கு சார் இவ்வளவு? போட்டோ எடுத்து அனுப்பிட்டா போச்சு" என்பவர்களுக்கும் ஒரு பதில். படத்தில் இருக்கும் எழுத்தைச் சாதாரணமாகத் தேட முடியாது, திருத்த முடியாது. அதைவிட முக்கியம், பார்வையற்ற பிள்ளைகள் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். யூனிகோடு தமிழைக் கொடுத்தால் அது தமிழாகவே வாசிக்கும். பாமினியைக் கொடுத்தால் "ஜே கே பி ஓ" என்று வாசிக்கும். நீங்கள் அனுப்பும் பாடக்குறிப்பு அந்தக் குழந்தையின் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

யூனிகோடில் போட்டதால் என்ன விளைந்தது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், எல்லாம் சம்பளமில்லாமல் எழுதியவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய இலக்கியங்களை மின்னெழுத்தாக்கி, பின்னாளில் யூனிகோடுக்கும் மாற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் கொல்லிமலை என்று தேடினால் வல்வில் ஓரியைப் பாடிய சங்கப் பாடல்கள் உங்கள் கைப்பேசிக்கு வருகின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓரி வருகிறான். இருபது வருடத்துக்கு முன் நம் பக்கத்தில் அடித்த பள்ளி ஆண்டு மலர் வருவதில்லை. ஏன்? அது பழைய எழுத்துருவில் ஏதோ ஒரு குறுந்தகட்டில் கிடக்கிறது. அதில் உங்கள் முதல் கவிதை இருக்கலாம். தினை, சாமை விதைப்பதைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு நீங்கள் எழுதிய கட்டுரை இருக்கலாம். அந்தப் பெரியவர்களில் பலர் இன்று இல்லை.

2011 முதல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. நம் மலைப் பிள்ளைகளும் வாங்கினார்கள். அதில் தனியாக எதையும் ஏற்றாமலே யூனிகோடு தமிழ் தெரிந்தது. குழந்தையின் கையில் இருந்த கருவி தயாராக இருந்தது. தயாராக இல்லாதவர்கள், அதற்குப் பாடமும் படிவமும் அனுப்பிய பெரியவர்கள்தான். ஆகவே "மலைவாசிகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக வீட்டுப் பாடம். எல்லாரும் செய்ய வேண்டும்.

கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். இந்தப் பதிவுக்குத் தமிழ் எழுத்தில் பதில் போடுங்கள். பிழை வந்தால் பரவாயில்லை, சிவப்பு மை என்னிடம் இருக்கிறது.

அரசு வேலையிலும் ஆசிரியப் பணியிலும் இருப்பவர்கள், திங்கட்கிழமை முதல் ஒரு கோப்பையும் பழைய எழுத்துருவில் உருவாக்காதீர்கள். மேலே இருந்து பழைய எழுத்துருவில் வந்தால், 2010 அரசாணையைச் சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள்.

பிரவுசிங் சென்டர், டி.டி.பி. கடை வைத்திருக்கும் தம்பிகளே, "கெட்டுப் போச்சு" என்று சொல்லுமுன் மேலே உள்ள ஐந்தில் எது என்று பாருங்கள். சான்றிதழில் பெயரை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

"ஔ" எழுத ஒகரமும் ளகரமும் சேர்க்காதீர்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு. அப்படி அடித்தால் ஔவையாரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

பழைய குறுந்தகடு, பென் டிரைவ் யாரிடம் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். மாற்றித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

சான்றிதழில் தன் பெயர் தப்பாக இருந்தால் "போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அது எழுத்துப் பிழை அல்ல, உங்கள் அப்பா அம்மா வைத்த பெயர். திருத்தும் வரைக்கும் கேளுங்கள். கேட்கத் தயங்குகிறவர்களோடு கூட வர நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.